ஐஸ் உடைக்காத ஞாயிறு

விசைப்படகெல்லாம் கயிறு கட்டிக் கிடக்கிற மே மாதம்.
எங்கள் ஐஸ் கம்பெனியில் ஒரு பாளம்கூட இல்லை.
பில் புத்தகத்தில் கடைசித் தேதி ஏப்ரல் பதினான்கு.
நான் பில் போடும் மேசையைத்தான்
நாலு பேர் தூக்கிப்போய் முற்றத்தில் போட்டார்கள்,
கீபோர்டு வைக்க.

"ஆறு மணிக்கு மெயின் சுவிட்சை இறக்கிரணும், ஆமா"
என்று சொல்லிவிட்டு முதலாளி ராம்நாடு போய்விட்டார்.
சாவி என்னிடம்.
அதனால் எனக்கு முதல் வரிசை,
கவிழ்த்த மீன்பெட்டியின் மேல்.

பாம்பன் கச்சானுக்கு மரியாதை தெரியாது.
மைக்கில் புஸ்ஸென்று ஊதியது,
தாள்களைப் பறித்து வேலியில் ஒட்டியது,
தார்ப்பாயின் ஒரு மூலையை
விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது.
டிரம்ஸ் நம்புராஜன் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்தான்.
பிறகு அந்த அடியையே எடுத்துக்கொண்டான்.
தார்ப்பாய் பிந்தினால் இவனும் பிந்தினான்.
அப்படித்தான் ஆரம்பித்தது.

அரை மணி கழித்துப் பக்கத்திலிருந்தவர் கேட்டார்:
"பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"
"இதுதான் பாட்டு."
"ஓகோ" என்றார்.
சாயங்காலம்வரை எழுந்திருக்கவே இல்லை.

கீழக்கரை ஹபீப் சுல்தான்
துபாயில் ஒரு ஓட்டல் வரவேற்பறையில்
பதினொரு வருஷம் சாக்ஸபோன் வாசித்தவர்.
யாரும் திரும்பிப் பார்க்காமல் வாசிப்பதுதான் அங்கே வேலை.
இங்கே யாரும் சாப்பிடவில்லை.
இருநூறு பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.
முதல் பாட்டில் அவருக்கு விரல் நடுங்கியது.
இரண்டாவதில் கண்ணை மூடிக்கொண்டார்.
மூன்றாவது முடிந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது,
மனிதர் சின்னப் பையனாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் நாட்டுப்படகில் வந்த ஊளி, குழம்பாக.
சோற்றுக்கையோடு எல்லோரும் தாளம் பேசினார்கள்.

பிறகு டெல்பின்.
நண்டுக் கம்பெனியில் சதை எடுக்கிறவள்.
விரலெல்லாம் ஓடு கீறிய கோடு.
மைக்கை நண்டுக்காலைப் பிடிப்பதுபோல் பிடித்தாள்:

"தவணைக்காரன் வந்தான், வாசல்ல செருப்பப் பாத்தான்.
அட, தவணைக்காரன் வந்தான், வாசல்ல செருப்பப் பாத்தான்.
செருப்புதான் வீட்ல இருந்துச்சு,
நான் கழுத்தளவு கடல்ல நின்னேன்."

கூட்டம் சிரித்த சிரிப்பில்
மகளிர் குழுவே இருந்தது, தலைவி உட்பட.
இது ப்ளூஸ் என்றார்கள்.
எனக்கென்னவோ
திங்கட்கிழமையை யாரோ கையில் எடுத்து
எடை பார்த்துத் திருப்பிக் கொடுத்ததுபோல் இருந்தது.

நாலரைக்கு தங்கச்சிமடம் செலஸ்டின் எழுந்தார்.
பேண்டு செட்டுக்காரர்.
டிரம்பெட்டின் வாய் உப்பில் பச்சை பூத்திருந்தது.
அவர் எடுத்தது
போன மாதம் பிலவேந்திரனைத் தூக்கிப்போனபோது
தெருமுனைவரை வாசித்த அதே மெட்டு.
கூட்டம் அடங்கியது.
தலைகள் மெதுவாக ஒரு பக்கம் திரும்பின.
வலைக்குவியல் மேல் ரெமீஜியா,
அவன் பெண்டாட்டி,
கையில் பாதி குடித்த சர்பத்.

செலஸ்டின் நிறுத்தப் போனார்.

"நிறுத்தாதீக" என்றாள்.
"ஆனா அவரு இவ்வளவு நேரா
ஒருநாளும் நடந்ததில்ல."

ஒரு நொடி.
பிறகு யாரோ வெடித்துச் சிரித்தார்கள்.
செலஸ்டின் அடுத்த சுரத்தை வளைத்தார்,
இன்னும் வளைத்தார்,
அது சந்தில் இடறி, சுவரைப் பிடித்து,
விளக்குக்கம்பத்திடம் மன்னிப்புக் கேட்டு,
மறுபடி நடந்தது.
சாக்ஸபோன் பின்னாலேயே போய்க்
கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டது.
"அதான்" என்றாள் ரெமீஜியா.
"அதான், அதான், அதேதான்."
கண் துடைத்தாளா, கச்சான் மணலைத் தட்டினாளா,
நான் பார்க்கவில்லை.
எனக்கும் கண்ணில் மணல்.

ஆறு மணிக்கு சுவிட்சை இறக்கினேன்.
சொன்ன சொல் சொன்னதுதான்.
கீபோர்டு பாதிச் சொல்லில் நின்றது.
டிரம்பெட்டுக்குக் கரண்டு வேண்டாம்,
சாக்ஸபோனுக்கும் வேண்டாம்,
டெல்பினுக்கு மைக்கே அதிகம்.
வெளிச்சம் போகும்வரை போனது.

மேசையைத் திரும்ப உள்ளே வைத்தோம்.
தார்ப்பாயைக் காலையில் அவிழ்க்கலாமென்று விட்டுவிட்டோம்.
இரவெல்லாம் அது அடித்துக்கொண்டிருந்ததாம்,
காவலுக்குப் படுத்தவர் சொன்னார்,
கொஞ்சம் பிந்திப் பிந்தி.